எட்டு ஏ என்னும் தப்புக்கணக்கு

மலேசியாவின் ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வான யு.பி.எஸ்.ஆர். போனதிலிருந்து தமிழ்ப்பள்ளிப் பிள்ளையின் தரம் யாருக்கும் தெரியவில்லை என்ற பேச்சு பண்டார் பாருவில் கேட்கிறது, செர்டாங்கில் கேட்கிறது, கிரியான் ஆற்றைத் தாண்டிப் பாரிட் புந்தாருக்குப் போனால் அங்கேயும் கேட்கிறது. கோயில் திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் ஆரம்பித்தால் போதும், நாலு பேர் தலையாட்டுவார்கள். எதிர்த்துப் பேச ஆளில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர்கள் வாதத்தை நியாயமாகவே எடுத்து வைக்கிறேன். யு.பி.எஸ்.ஆர். நாடு முழுவதற்கும் ஒரே தாள். மூடி முத்திரையிட்டு வந்தது. பிள்ளையின் முகம் தெரியாதவர் திருத்தினார். 1988 முதல் 2019 வரை ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் அனைவரும் அந்த ஒரே கோலால் அளக்கப்பட்டார்கள். 2020-இல் கொரோனாவால் தேர்வு நடக்கவில்லை. 2021 ஏப்ரல் 28 அன்று அன்றைய கல்வியமைச்சர் ராட்சி ஜிடின் அதை அடியோடு எடுத்துவிட்டதாக அறிவித்தார். இப்போது முதன்மையாக இருப்பது பி.பி.டி. என்னும் வகுப்பறை மதிப்பீடு. சொந்த ஆசிரியரே சொந்த மாணவனுக்கு 1 முதல் 6 வரை அடைவுநிலை போடுகிறார். இரக்கத்துக்கும் அவசரத்துக்கும் அதில் இடமுண்டு. ஆகவே பழைய தேர்வு நம்பகமானது, புதிய மதிப்பீடு நம்பகமற்றது, பழையதைத் திரும்பக் கொண்டுவா. இதுதான் வாதம்.

பி.பி.டி.யில் ஓட்டை இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. மறுப்பது இன்னொன்றை: யு.பி.எஸ்.ஆர். ஒரு பிள்ளையையும் ஒரு சிறு பள்ளியையும் துல்லியமாக அளந்தது என்ற நம்பிக்கையை. அந்த நம்பிக்கைக்குக் கணக்கில் ஆதாரம் இல்லை. அதிலும் பண்டார் பாரு போன்ற வட்டாரத்தில், ஆறாம் ஆண்டில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் தோட்டப் பள்ளிகளில், சுத்தமாக இல்லை.

ஒரு தேர்வு நம்பகமானது என்றால் என்ன பொருள்? அதே பிள்ளை, வேறொரு நாளில், அதே கடினம் உள்ள வேறொரு தாளை எழுதி, வேறொருவர் அதைத் திருத்தினால், ஏறத்தாழ அதே மதிப்பெண் வர வேண்டும். எல்லோருக்கும் ஒரே தாள், ஒரே நேரம் என்பது சமத்துவம். அது நம்பகத்தன்மை ஆகாது. தவறாகக் காட்டும் தராசில் எல்லோருடைய ரப்பர்ப் பாலையும் நிறுத்தால் எல்லோருக்கும் ஒரே தராசு என்பது உண்மைதான். பால் நிறுக்கும் இடத்தில் தோட்டக் கிராணியின் தராசைச் சந்தேகித்துச் சண்டை போட்ட நம் தாத்தா பாட்டிமார் அந்தச் சமாதானத்தை ஏற்றிருக்க மாட்டார்கள். பேரப்பிள்ளையின் தேர்வுத்தாள் என்றதும் அந்தச் சந்தேகம் நமக்கு எங்கே போனது?

தேர்வில் அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்பது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1888-இலும் 1890-இலும் எட்ஜ்வொர்த் என்ற பொருளியல் அறிஞர் இதைப் பற்றிப் புள்ளியியல் கட்டுரைகள் எழுதினார். போட்டித் தேர்வில் எல்லைக்கோட்டுக்கு அருகில் இருப்பவர்களில் யார் உள்ளே, யார் வெளியே என்பதில் தற்செயலுக்குப் பெரும் பங்கு உண்டு என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1935-இல் ஹார்டாக்கும் ரோட்ஸும் இன்னும் கூர்மையாகச் செய்தார்கள். ஹார்டாக் இந்தியக் கல்வியை ஆராய்ந்த 1929-ஆம் ஆண்டுக் குழுவின் தலைவராக இருந்தவர். பள்ளிச் சான்றிதழ்த் தேர்வின் 15 வரலாற்று விடைத்தாள்களை அனுபவமுள்ள தேர்வாளர்களிடம் கொடுத்துத் திருத்த வைத்தார்கள். ஓராண்டுக்கு மேல் கழித்து, அதே தாள்களை அவர்களில் 14 பேரிடம் மறுபடி கொடுத்தார்கள். மொத்தம் 210 தீர்ப்புகள். அவற்றில் 92 மாறிப்போயின. தேறியவன் தவறினான், தவறியவன் சிறப்புப் பெற்றான். தாள் மாறவில்லை, திருத்தியவரும் மாறவில்லை. முகம் தெரியாதவர் திருத்தினால் நியாயம் தானாக வந்துவிடும் என்பவர்கள் இந்த 92-ஐ மனத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

சரி, அது பழங்கதை, இப்போது புள்ளியியல் வளர்ந்துவிட்டது, ஆல்பா கெழு 0.9 வந்தால் தேர்வு நம்பகமானது என்று கொஞ்சம் படித்தவர்கள் சொல்வார்கள். பயிற்சிக் கல்லூரியில் ஆய்வுக்கட்டுரை எழுதிய ஒவ்வோர் ஆசிரியரும் இந்த ஆல்பாவைக் கடந்து வந்திருப்பார். கணினி ஓர் எண்ணைத் துப்பும், 0.7-க்கு மேல் இருந்தால் நிம்மதிப் பெருமூச்சு. அந்த எண் எதை அளக்கிறது என்று கேட்டவர் குறைவு.

அது பிறந்த கதையைப் பார்த்தால் விளங்கும். உண்மையில் செய்ய வேண்டியது ஒரே பிள்ளைக்கு இரண்டு முறை தேர்வு வைத்து ஒப்பிடுவது. அது செலவு, தொல்லை. முதல் முறை எழுதியது நினைவிலும் நிற்கும். எனவே ஒரே தாளை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதி மறு பாதியோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கத் தொடங்கினார்கள். பாதித் தாளிலிருந்து முழுத் தாளின் நம்பகத்தன்மையை மதிப்பிடும் சூத்திரத்தை 1910-இல் ஸ்பியர்மனும் பிரவுனும் தனித்தனியே வெளியிட்டார்கள். எப்படிப் பிரிப்பது என்ற தகராறு வந்தது. 1937-இல் கூடரும் ரிச்சர்ட்சனும் பிரிக்காமலேயே கணிக்க வழி சொன்னார்கள். 1951-இல் குரோன்பாக் அதைப் பொதுமைப்படுத்தி ஆல்பா என்று பெயர் வைத்தார். ஆக, ஆல்பா என்பது ஒரே நாளில் ஒரே அமர்வில் எழுதிய ஒரே தாளின் கேள்விகள் தங்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதற்கான கணக்கு. அன்று பிள்ளைக்குக் காய்ச்சலா, முந்தின இரவு வீட்டில் சண்டையா, கட்டுரைத் தலைப்பு அவனுக்குத் தெரிந்த ஒன்றாக வந்ததா, திருத்தியவர் கண்டிப்பானவரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. காய்ச்சலோடு எழுதிய பிள்ளை எல்லாக் கேள்விகளிலும் சமமாகச் சறுக்குவான். கேள்விகள் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போகும். ஆல்பா உயர்ந்தே நிற்கும். பிழை அந்த எண்ணுக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது.

இதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் அந்தக் குரோன்பாக்தான். 1972-இல் அவர் வெளியிட்ட பெரிய நூல், தேர்வுப் பிழையை அதன் மூலங்களாகப் பிரித்தது: கேள்வியால் வரும் பிழை, திருத்துபவரால் வரும் பிழை, நாளால் வரும் பிழை. ஒவ்வொன்றையும் தனியே அளந்து, எதை எத்தனை மடங்கு கூட்டினால் நம்பகம் உயரும் என்று கணிக்கும் முறை அது. அட்டையில் நான்கு பெயர்கள்: குரோன்பாக், கிளேசர், நந்தா, ராஜரத்தினம். நம் ஊர்ப் பெயர்போல ஒலிக்கும் அந்த நாகேஸ்வரி ராஜரத்தினத்தை நம் ஆசிரியர் கல்லூரிகளில் யாராவது சொல்லிக்கொடுக்கிறார்களா என்று எனக்கு ஒரு சிறு வருத்தம் உண்டு. குரோன்பாக் 2001-இல் இறந்தார். 2004-இல் வெளிவந்த அவருடைய கடைசிக் கட்டுரை, ஆல்பாவை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம், அளவீட்டின் திட்டப் பிழையைப் பாருங்கள் என்ற கருத்தை வலியுறுத்தியது. ஆல்பாவைக் கொடுத்தவரே சொன்னது இது. நாம் இன்னும் கேட்கவில்லை.

அந்தத் திட்டப் பிழையை, அதாவது மதிப்பெண் உண்மையான நிலையிலிருந்து வழக்கமாக எவ்வளவு ஆடும் என்ற அளவை, கொஞ்சம் கணக்கில் பார்ப்போம். 100 மதிப்பெண் தாள், பிள்ளைகளின் மதிப்பெண்களின் திட்ட விலக்கம் 15, நம்பகத்தன்மை 0.9 என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். திட்டப் பிழை 4.7 வரும். அதாவது ஒரு பிள்ளையின் உண்மையான நிலை 52 என்றால், மூன்றில் ஒரு முறை அவன் 50-க்குக் கீழே வாங்குவான். படிக்காததால் அல்ல, கவனக்குறைவால்கூட அல்ல. அளவுகோலின் தடுமாற்றம் அவ்வளவு.

இப்படிப்பட்ட கோட்டை ஏதோ ஒரு கோடு என்று தள்ளிவிட முடியாது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு அப்படி ஒரு கோட்டில்தான் ஓராண்டு இருந்தது. யு.பி.எஸ்.ஆர். காலத்தில் மலாய்மொழிக் கருத்துணர்தல், எழுத்து இரண்டிலும் குறைந்தது சி வாங்காத தமிழ், சீனப் பள்ளிப் பிள்ளை நேரே படிவம் 1-க்குப் போக முடியாது. புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வேண்டும். தேசியப் பள்ளியில் படித்தவன் அதே மதிப்பெண்ணோடு நேரே படிவம் 1-க்குப் போவான். சி-க்குச் சற்று மேலே இருக்கும் ஒரு பிள்ளைக்கு ஒவ்வொரு தாளிலும் பத்துக்கு எட்டு வாய்ப்பு என்று கொள்ளுங்கள். இரண்டு தாளையும் ஒருசேரத் தாண்ட அவனுக்கு இருக்கும் வாய்ப்பு 64 விழுக்காடுதான். தகுதியுள்ள மூன்று பிள்ளைகளில் ஒருவன், தகுதி இருந்தும், ஓராண்டை இழக்கிறான். தன்னோடு ஆறு ஆண்டுகள் படித்த நண்பன் நேரே படிவம் 1-க்குப் போவதைப் பார்த்துக்கொண்டு அவன் புகுமுக வகுப்புக்குப் போனான். அப்படிப் போய்ப் படிப்பில் மனம் விட்டுப்போனவர்கள் எந்தத் தோட்டத்தில் இல்லை? யு.பி.எஸ்.ஆர். திரும்ப வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்க்கலாம்.

கீழ்க்கோட்டின் கதை இது என்றால், மேற்கோட்டின் கதை எட்டு ஏ, அதாவது எல்லாத் தாளிலும் ஏ. தமிழ்ப்பள்ளிக்கு முன்பு ஏழு ஏ. 2016-இல் ஆங்கிலம் இரண்டு தாளாக ஆனபின் எட்டு. தேசியப் பள்ளிக்கு அதே ஆண்டில் ஐந்து ஆறானது. எல்லாம் ஏ வாங்கிய பிள்ளையின் படம் நாளிதழில் வரும், பள்ளி வாசலில் பதாகை தொங்கும், சட்டமன்ற உறுப்பினர் வந்து கைகுலுக்குவார். பிள்ளையின் மகிழ்ச்சியில் எனக்குக் குறையில்லை. ஆனால் இந்த அளவுகோல் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளைக்கு ஒவ்வொரு தாளிலும் ஏ வாங்க 90 விழுக்காடு வாய்ப்பு இருப்பதாகக் கொள்வோம். ஆறு தாளிலும் ஏ வாங்கும் வாய்ப்பு 53 விழுக்காடு. எட்டுத் தாளிலும் என்றால் 43. ஒரே திறமை, ஒரே உழைப்பு. தேசியப் பள்ளியில் இருந்தால் பாதிக்கு மேல் வாய்ப்பு, தமிழ்ப்பள்ளியில் இருந்தால் பாதிக்குக் கீழே. ஒவ்வோராண்டும் முடிவு வந்ததும் அனைத்தும் ஏ பெற்றவர்களின் விழுக்காட்டைப் பள்ளிவகைவாரியாக ஒப்பிட்டு, தமிழ்ப்பள்ளி பின்தங்கிவிட்டது என்று நம்மவர்களே புலம்பினார்கள். தங்கள் பிள்ளைகளைத் தாங்களே குறைத்து எடைபோட்ட கணக்கு அது.

2016-ஐ யாரும் மறந்திருக்க முடியாது. புதிய வடிவத்தில், உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகளோடு வந்த அந்த ஆண்டுத் தேர்வில் நாடு முழுவதும் அனைத்தும் ஏ பெற்றவர்கள் 4,896 பேர், 1.11 விழுக்காடு. முந்தைய ஆண்டுகளோடு பார்த்தால் பாதாளத்தில் விழுந்த எண்ணிக்கை. ஒரே ஆண்டில் மலேசியப் பிள்ளைகள் எல்லோரும் மக்காகிவிட்டார்களா? கேள்வித்தாளின் வடிவம் மாறியது, எண்ணும் மாறியது. அப்படியானால் அதற்கு முன்பு அந்த எண் ஏறிய ஆண்டுகளில் நாம் கொண்டாடியது எதை?

முத்திரையிட்ட உறை என்ற பெருமைக்கு 2014-ஐ மட்டும் நினைவுபடுத்திவிட்டு நகர்கிறேன். அந்த ஆண்டு தாள்கள் கசிந்தன. அறிவியலும் ஆங்கிலமும் செப்டம்பர் 30-இல் மறுபடி நடந்தன. கணிதமும் தமிழும் அக்டோபர் 9-இல். பன்னிரண்டு வயதுப் பிள்ளை எழுதிய தேர்வையே திரும்ப எழுதினான்.

இனிப் பள்ளிகளுக்கு வருகிறேன். என் கோபம் அதிகம் இருப்பது இங்கேதான்.

பண்டார் பாரு, கெடாவின் தென்கோடி மாவட்டம். கல்வி நிர்வாகத்தில் கூலிமோடு சேர்த்துக் கூலிம் பண்டார் பாரு மாவட்டக் கல்வி அலுவலகம். கூலிம் நகரத்தின் பெரிய பள்ளியும், செம்பனைக்கு நடுவே ஒதுங்கி நிற்கும் தோட்டப் பள்ளியும் ஒரே பட்டியலில். தோட்டம் துண்டாடப்பட்டும், ரப்பர் செம்பனையாகியும், இளம் குடும்பங்கள் கூலிம் தொழிற்பேட்டைக்கும் பினாங்குக்கும் பெயர்ந்தும், இந்தப் பள்ளிகள் சுருங்கின. 150 மாணவருக்குக் கீழ் இருந்தால் குறைந்த மாணவர் பள்ளி என்று அரசே வகைப்படுத்துகிறது. அப்படிப்பட்ட பள்ளியில் ஆறாம் ஆண்டில் பன்னிரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் எட்டு ஏ வாங்க ஐந்தில் ஒரு வாய்ப்பு. ஆசிரியர் மாறவில்லை, கற்பித்தல் மாறவில்லை, பிள்ளைகளின் திறமையும் ஆண்டுக்கு ஆண்டு மாறவில்லை. அப்படியும் சுமார் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பள்ளியில் ஒருவரும் எட்டு ஏ வாங்க மாட்டார். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நாலு பேரோ அதற்கு மேலோ வாங்குவார்கள். நாலு பேர் வாங்கிய ஆண்டில் தலைமையாசிரியருக்கு மாலை. ஒருவரும் வாங்காத ஆண்டில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கூச்சல், இரண்டு குடும்பம் பிள்ளையைத் தேசியப் பள்ளிக்கு மாற்றும், அடுத்த ஆண்டு வகுப்பில் இன்னும் இரண்டு பேர் குறைவு. தாயக்கட்டையில் விழுந்த எண்ணுக்காக ஒரு பள்ளி மெல்லச் சாகும்.

பள்ளிச் சராசரித் தரம் என்ற ஜி.பி.எஸ். இன்னும் மோசம். ஏ-க்கு 1, இ-க்கு 5 என்று எடுத்து எல்லாத் தாள்களின் தரங்களையும் சராசரி காண்பார்கள், குறைந்தால் நல்லது. இரண்டு தசமத் தானம் வரை எழுதுவார்கள். பன்னிரண்டு பிள்ளை, எட்டுத் தாள், மொத்தம் 96 தரங்கள். ஒரு பிள்ளை ஒரு தாளில் ஒரு படி இறங்கினால் சராசரி 0.01 மாறும். ஒரே ஒரு பிள்ளைக்கு அந்த வாரம் சுகமில்லாமல் எல்லாத் தாளிலும் ஒரு படி இறங்கினால் 0.08. ஜி.பி.எஸ். 0.04 முன்னேறிவிட்டது என்று கைதட்டியதும், 0.05 சரிந்துவிட்டது என்று தலைமையாசிரியரை நிற்கவைத்துக் கேட்டதும், ஒரு பிள்ளையின் காய்ச்சலில் பாதி அளவுக்குத்தான். முந்நூறு பேர் எழுதும் பள்ளியில் அந்த இரண்டாம் தசமத்துக்கு ஏதோ கொஞ்சம் பொருள் இருக்கலாம். பன்னிரண்டு பேருக்கு இல்லை. இருந்தும் இரண்டையும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக அடுக்கினார்கள். அப்படி அடுக்கினால் சிறிய பள்ளிகள்தான் உச்சியிலும் அடியிலும் மாறி மாறி வரும். நடுவில் பெரிய பள்ளிகள் அசையாமல் இருக்கும். சிறிய பள்ளி சிறப்பாகவோ மட்டமாகவோ கற்பித்ததால் அல்ல, ஆள் குறைவு என்பதால்.

எதிர்த்தரப்பின் பலமான கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்கப் போவதில்லை. யு.பி.எஸ்.ஆரில் பிழை இருந்தது சரி, ஆசிரியர் போடும் அடைவுநிலையில் அதைவிடப் பெரிய பிழை இல்லையா?

ஒரே ஒரு முறை, ஒரே ஆசிரியர், ஒரு மாலையில் முப்பது பிள்ளைக்கும் அடைவுநிலை 4 என்று தட்டிவிட்டால், ஆம், மிகப் பெரிய பிழை. இதைப் பூசி மெழுக மாட்டேன். ஆனால் ஸ்பியர்மனும் பிரவுனும் 1910-இல் கொடுத்த அந்தச் சூத்திரம் இங்கே ஆசிரியர் பக்கம் நிற்கிறது. ஒரு மதிப்பீட்டின் நம்பகத்தன்மை 0.5 மட்டுமே என்று கொள்ளுங்கள், மோசமான எண்தான். ஒன்றையொன்று சாராத ஐந்து மதிப்பீடுகளின் சராசரி 0.83-க்கு உயரும். எட்டு என்றால் 0.89. ஆண்டு முழுக்கப் பல நாள், பல பணி, முடிந்தால் இரண்டு ஆசிரியர் என்று சேரும்போது, காய்ச்சல் நாளும் தலைப்பு அதிர்ஷ்டமும் தாமாகக் கழிந்துபோகின்றன. சில நாள் தேர்வால் இதை ஒருபோதும் செய்ய முடியாது. வகுப்பறை மதிப்பீட்டின் பிழையைக் குறைக்க வழி இருக்கிறது. அந்த வழியில் போகிறோமா என்பதுதான் கேள்வி.

இதைச் செய்து பார்த்த இடமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 1970-களின் தொடக்கத்தில் பொதுத்தேர்வை எடுத்துவிட்டு, ஆசிரியர்களின் மதிப்பீட்டை வேறு பள்ளி ஆசிரியர் குழுக்கள் சரிபார்க்கும் முறையைச் சுமார் ஐம்பது ஆண்டுகள் நடத்தியது. 2020-இல் வெளித்தேர்வையும் ஒரு பகுதியாகச் சேர்த்துக்கொண்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பள்ளி மதிப்பீட்டைத் தூக்கி எறியவில்லை. மறுபக்கம், இங்கிலாந்தின் தேர்வுக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்குவால், தன் பொதுத்தேர்வுகளின் தரங்கள் எவ்வளவு உறுதியானவை என்று தானே ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டது: மூத்த தேர்வாளர் கொடுத்திருக்கும் தரமே மாணவனுக்குக் கிடைக்கும் வாய்ப்பு கணிதத்தில் 96 விழுக்காடு, வரலாற்றில் 56. இரண்டு ஆண்டு கழித்து அதன் தற்காலிகத் தலைமை அதிகாரியே நாடாளுமன்றக் குழுவின் முன், தரங்கள் ஒரு படி மேலோ கீழோ என்ற அளவுக்கு நம்பகமானவை என்று ஒப்புக்கொண்டார். நீண்ட காலத் தேர்வு அனுபவம் உள்ள நாட்டின் நிலை இது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மலாய்க் கட்டுரைக்கு இதைவிட உறுதி எங்கிருந்து வரும்?

தேர்வே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். மாநில அளவில், நாட்டு அளவில், பிள்ளைகள் எந்தப் பாடத்தில் தடுமாறுகிறார்கள் என்று அறியப் பொதுத்தாள் பயன்படும். பல்லாயிரம் பேரின் சராசரியில் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். அதே தாளை ஒரு பிள்ளையின் ஓராண்டைத் தீர்மானிக்கவும், பன்னிரண்டு பேர் பள்ளியை வரிசைப்படுத்தவும் எடுக்கும்போதுதான் அது அநியாயமாகிறது.

ஆகவே யு.பி.எஸ்.ஆரைத் திருப்பிக் கேட்டு மனுப் போடும் நேரத்தில் நாம் கேட்க வேண்டியவை வேறு. எந்தப் பொதுத்தேர்வு வந்தாலும் அதன் திட்டப் பிழையை மதிப்பெண்ணோடு சேர்த்து வெளியிடச் சொல்லுங்கள். முப்பது பேருக்குக் குறைவாக எழுதும் பள்ளியை எந்தப் பட்டியலிலும் ஓராண்டு முடிவை வைத்து அடுக்காதீர்கள் என்று கேளுங்கள். ஐந்தாண்டுச் சராசரி இருந்தால் பேசலாம். செர்டாங் ஆசிரியர் கூலிம் மாணவனின் எழுத்தையும், கூலிம் ஆசிரியர் செர்டாங் மாணவனின் எழுத்தையும் பார்த்துச் சரிகாணும் நாட்களை மாவட்ட அலுவலகம் ஏற்பாடு செய்யட்டும். அதற்கு ஆசிரியரின் எழுத்து வேலைப் பளுவைக் குறைக்கட்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் யாராவது ஓர் எண்ணை நீட்டி, பள்ளி முன்னேறிவிட்டது என்றோ விழுந்துவிட்டது என்றோ சொன்னால், கைதட்டுவதற்கும் கத்துவதற்கும் முன்பு எழுந்து நின்று இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை பிள்ளை எழுதியது? அந்த எண் எவ்வளவு ஆடும்?